செட்டிநாட்டுச் சாலைக்கு எந்த 400: ஸ்பீட் 400, கெரில்லா 450, 390 டியூக்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் காரைக்குடியில் வங்கிப் பணியில் இருப்பவர். வாரத்தில் இரண்டு நாள் திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக் கிளைக்குப் போய்வருகிறார். இன்னொருவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். பொங்கலுக்கும் கோயில் காரியங்களுக்கும் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்து தங்குகிறார். மூன்றாமவர் என் அக்காள் மகன். படிப்பு முடித்து, முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்திருக்கிறார். டிரையம்ஃப் ஸ்பீட் 400, ராயல் என்ஃபீல்ட் கெரில்லா 450, கேடிஎம் 390 டியூக் ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்பதுதான் மூவரின் தவிப்பும். மூவருமே பேச்சைத் தொடங்கியது எந்த வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன் என்ற கணக்கிலிருந்துதான். நம் பகுதியில் இந்த முடிவை எடுக்க ஆகக் குறைவாக உதவும் கணக்கு அதுதான் என்று நான் உறுதியாக நம்புவதால், அந்த மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்றும் நேக்கட் வகை வண்டிகள். அதாவது என்ஜினை மூடும் பக்கவாட்டு உறையோ, நெஞ்சில் அடிக்கும் காற்றைத் தடுக்கும் கண்ணாடியோ இல்லாதவை. மூன்றிலும் ஒற்றை சிலிண்டர், ரேடியேட்டரால் குளிரும் என்ஜின், ஆறு கியர், 17 அங்குல அலாய் சக்கரம், ட்யூப்லெஸ் டயர் என்று அடிப்படை ஒன்றாகவே இருக்கிறது. எனவே வேறுபாட்டை வண்டியில் தேடுவதற்கு முன் நம் வாழ்க்கையில் தேட வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல்கள் ஐந்து: பின்னிருக்கையில் யார் உட்காரப் போகிறார்கள், சர்வீஸுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும், உண்மையில் நாம் ஓட்டும் வேகத்தில் என்ஜின் எப்படி நடந்துகொள்கிறது, முதல் ஐந்தாண்டுகளில் மொத்தமாக எவ்வளவு செலவாகும், வண்டி ஓடாமல் எத்தனை நாள் நிற்கும். கடைசி அளவுகோலை வேறு ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். பாதி வீடுகள் ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் நம் ஊர்களில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

| | ஸ்பீட் 400 | கெரில்லா 450 | 390 டியூக் |
|---|---|---|---|
| என்ஜின் | 398 சிசி | 452 சிசி | 399 சிசி |
| திறன் (பி.எஸ்., அதாவது குதிரைத்திறன்) | 40 | 40 | 46 |
| முறுக்குவிசை, அதாவது இழுவை (நியூட்டன் மீட்டர்) | 37.5 | 40 | 39 |
| உச்ச முறுக்குவிசை கிடைக்கும் என்ஜின் சுழற்சி (நிமிடத்துக்கு) | 6,500 | 5,500 | 6,500 |
| எடை, பெட்ரோலுடன் (அறிமுகமானபோது) | 176 கிலோ | 185 கிலோ | 168 கிலோ |
| இருக்கை உயரம் | 790 மி.மீ. | 780 மி.மீ. | 800–820 மி.மீ. |
| டேங்க் | 13 லிட்டர் | 11 லிட்டர் | 15 லிட்டர் |
| முன் டிஸ்க் | 300 மி.மீ. | 310 மி.மீ. | 320 மி.மீ. |
| அறிமுக ஷோரூம் விலை | 2.33 லட்சம் (2023 ஜூலை) | 2.39 லட்சம் முதல் (2024 ஜூலை) | 3.11 லட்சம் (2023 செப்டம்பர்) |

விலைகள் அறிமுகத்துக்குப் பிறகு பலமுறை மாறிவிட்டன. அவற்றை ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளியைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் பாருங்கள்.

## ஷோரூம் விலைக்குப் பின்னால் நிற்கும் செலவுகள்

மூன்று வண்டிகளுமே 350 சிசிக்கு மேற்பட்டவை என்பதுதான் இந்த முடிவில் ஆகப் பெரிய மறைமுகச் செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, முன்பு கூடுதல் தீர்வையையும் சேர்த்து 31 விழுக்காடாக இருந்தது 40 ஆக உயர்ந்தது. அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் நிற்கும் வண்டிக்கும் அந்தப் பக்கம் நிற்கும் வண்டிக்கும் வரியில் மட்டும் 22 விழுக்காடு இடைவெளி விழுந்துவிட்டது.

காப்பீட்டிலும் அதே கோடுதான். புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பது கட்டாயம். 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி அது 150 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு 7,365 ரூபாய். 350 சிசியைத் தாண்டினால் 15,117 ரூபாய். இரண்டுக்கும் மேலே வரி தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு ஆயுட்கால வரி 12 விழுக்காடு என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரண்டரை லட்ச ரூபாய் வண்டிக்கு அந்த வரி மட்டும் 30,000 ரூபாய் ஆகிறது. ஆகவே ஷோரூம் விலையை வைத்து வீட்டில் பேச்சை முடித்துவிட்டு வந்தவர்கள், ஆன்ரோடு விலையைப் பார்த்துவிட்டு மறுபடியும் அப்பாவிடம் போய் நிற்கிறார்கள்.

டயரையும் கணக்கில் வையுங்கள். ஸ்பீடிலும் டியூக்கிலும் பின்டயர் 150 மி.மீ. அகலம், கெரில்லாவில் 160. இந்த அளவுகள் சாதாரணப் பைக்கின் டயரைவிடப் பல மடங்கு விலையுள்ளவை. சிற்றூர் டயர்க் கடைகள் இவற்றை வாங்கி அடுக்கி வைத்திருப்பதில்லை. தேய்ந்தபின் தேடாமல், தேய்மானக் குறி தெரியத் தொடங்கும்போதே மதுரையிலோ திருச்சியிலோ சொல்லி வைத்துவிடுவது நல்லது.

## ஸ்பீட் 400

இரட்டை இயல்பு கொண்ட வண்டி இது. பார்வைக்குப் பழைய பாணி, ஓட்டத்தில் புதிய பாணி. புனே அருகே சாகனில் உள்ள பஜாஜ் ஆலையில் தயாராகிறது. 390 டியூக்கும் அங்கேதான் தயாராகிறது. 3,000 சுழற்சிக்குக் கீழே உயர்ந்த கியரில் இழுத்தால் என்ஜின் முக்குகிறது. அதற்கு மேலே சீராகவும் விரைவாகவும் எழுகிறது. கல்லுக்கட்டியில் கொப்புடை அம்மன் கோயிலைச் சுற்றி நெரிசலில் ஊர்ந்து போகும்போது இரண்டாவது கியரிலேயே இருக்க வேண்டும். திருமயம் சாலையில் 80, 90 என்று போகும்போது இதைப்போல இசைவான வண்டி இந்த விலையில் வேறில்லை. புதுக்கோட்டைக்குப் போய்வரும் அந்த வங்கி நண்பருக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

இதன் மிகப் பெரிய கவர்ச்சி, முதல் சர்வீஸுக்குப் பிறகு 16,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று நிறுவனம் வைத்திருக்கும் இடைவெளி. ஆனால் அந்த எண்ணை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கத்துக் கிளைச் சாலைகளில் ஓரம் முழுவதும் செம்மண். கோடையில் அது பொடியாகப் பறந்து ஏர் ஃபில்ட்டரிலும் செயினிலும் படிகிறது. என்ஜின் ஆயிலுக்கு நிறுவனத்தின் இடைவெளி பொருந்தலாம். ஃபில்ட்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பதும், செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிடுவதும் நம் கையில்தான் இருக்கின்றன. செயின் பராமரிப்பு மூன்று வண்டிகளுக்கும் பொது.

அடுத்தது சர்வீஸ் தூரம். நீங்கள் வாங்கும் ஷோரூம் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தால், காரைக்குடியிலிருந்து ஒவ்வொரு முறையும் போகவர ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அதாவது ஒரு முழு நாள், ஒரு விடுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை என்றால் தாங்கலாம். நடுவில் சிறு பழுது ஒன்றுக்கு உதிரிப் பாகம் வரவில்லை என்று இரண்டாவது முறை அழைக்கப்படும்போதுதான் அந்தத் தூரம் உறைக்கும்.

சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் இதில் உண்டு. வேண்டாதபோது நிறுத்தியும் வைக்கலாம். ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து தார்ச்சாலையில் பரவும் நாட்களில் இது அலங்காரம் இல்லை, உயிர்ப் பாதுகாப்பு. 2024இல் வந்த ஸ்பீட் டி4 இதே என்ஜினின் மென்மையான வடிவம்: 31 பி.எஸ்., 36 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்குவிசையும் 5,000 சுழற்சியிலேயே கிடைக்கிறது. விலையும் குறைவு. ஆனால் அதில் டிராக்ஷன் கன்ட்ரோல் இல்லை என்பதால், மழைக்காலத்திலும் நாள்தோறும் ஓட்டப்போகிறவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

## கெரில்லா 450

காகிதத்தில் ஸ்பீடுக்கும் இதற்கும் ஒரே 40 பி.எஸ்.தான். ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பிராணிகள். கெரில்லாவின் 40 நியூட்டன் மீட்டர் 5,500 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. 3,000ஐத் தாண்டியதுமே என்ஜின் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கிவிடுகிறது. வேகத்தடைக்கு வேகத்தடை இருக்கும் நம் ஊர்ச் சாலைகளில் இது கையில் உணரக்கூடிய வசதி. கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

பின்னிருக்கையைப் பொறுத்தவரை மூன்றில் இதுவே முதலிடம் பெறுகிறது. இருக்கை முன்னும் பின்னும் ஒரே நீளமாக, அகலமாக இருக்கிறது. பின்னால் உட்காருபவர் ஏற அதிகம் காலைத் தூக்க வேண்டியதில்லை. கண்டாங்கிச் சேலை கட்டிய அம்மாவையோ அப்பத்தாவையோ பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப்போவது உங்கள் வழக்கம் என்றால், இந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடலாம். நான் இதை மிகைப்படுத்தவில்லை. பின்னால் உட்காருபவர் சிரமப்பட்டு உட்கார்ந்த வண்டி, ஆறு மாதத்தில் தனியாள் வண்டியாகிவிடுவதையும், வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு ஸ்கூட்டர் வந்துவிடுவதையும் என் உறவினர் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். அந்த ஸ்கூட்டரின் விலையும் முதல் வண்டியின் மறைமுகச் செலவுதான்.

எந்த வண்டி வாங்கினாலும் சேலைக் காவலை டெலிவரிக்கு முன்பே மாட்டச் சொல்லுங்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அழகு கெடுகிறது என்று கழற்றிவிடாதீர்கள். இவ்வகை வண்டிகளின் பின் மட்கார்டு குட்டையானது. மழையில் செஞ்சேற்றை அள்ளிப் பின்னால் இருப்பவர் முதுகில் கோலம் போட்டுவிடும். கூடுதல் மட்கார்டு துண்டு ஒன்றுக்கு ஆகும் சிறு தொகை, கோயிலுக்குக் கட்டிவந்த வெள்ளை வேட்டியைக் காப்பாற்றும்.

கெரில்லாவின் குறைகள் மூன்று. எடை 185 கிலோ. தாழ்ந்த இருக்கை அதை ஓட்டத்தில் மறைத்துவிட்டாலும், தள்ளி நிறுத்தும்போது மறைப்பதில்லை. நம் வீடுகளில் முகப்புக்கு ஏறும் படிகளில் பலகையைச் சாய்த்துப்போட்டு வண்டியை ஏற்றுகிறவர்கள், ஷோரூமிலேயே ஒருமுறை என்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டும். இரண்டாவது குறை, டிராக்ஷன் கன்ட்ரோல் இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் மட்டுமே இருக்கிறது. மூன்றாவது, 11 லிட்டர் டேங்க். மூன்று வண்டிகளுக்கும் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்று ஒரே கணக்கு வைத்தால், கெரில்லா 308, ஸ்பீட் 364, டியூக் 420 கிலோமீட்டர் ஓடும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, தேவிபட்டினம் வழியாக ராமேஸ்வரம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். போய்த் திரும்பி வர டியூக்குக்கு வழியில் பெட்ரோல் தேவையில்லை, ஸ்பீடுக்கும் தேவைப்படாது, கெரில்லாவுக்கோ ராமநாதபுரத்தில் நிறுத்திவிடுவதே மனநிம்மதி.

சர்வீஸைப் பொறுத்தவரை, சிறு நகரங்கள்வரை பரவிய வலைப்பின்னல் ராயல் என்ஃபீல்டுக்கு உண்டு. ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: உங்கள் அருகில் உள்ள நிலையத்தில் இந்த 450 என்ஜினைக் கழற்றிப் பழகிய மெக்கானிக் இருக்கிறாரா? காற்றிலும் ஆயிலிலும் குளிரும் 350 என்ஜினில் நன்றாகக் கை பழகியவருக்குக்கூட, ரேடியேட்டருடன் வரும் இந்த என்ஜின் புதிய பாடம்தான்.

## 390 டியூக்

விலை அதிகம், அதற்குரிய பொருளும் உள்ளே இருக்கிறது. 46 பி.எஸ்.ஸை 168 கிலோ எடைக்குள் வைத்திருக்கிறார்கள். முன், பின் சஸ்பென்ஷன் இரண்டையும் நம் எடைக்கேற்பத் திருகிக்கொள்ளலாம். கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் குவிக்‌ஷிஃப்டர் உண்டு. வண்டி சாய்ந்திருக்கும்போதே அந்தச் சாய்வை உணர்ந்து வேலைசெய்யும் ஏபிஎஸ்ஸும் டிராக்ஷன் கன்ட்ரோலும் மற்ற இரண்டிலும் இல்லாதவை.

ஆனால் இவற்றின் அருமை வளைவில்தான் தெரியும். செட்டிநாட்டில் வளைவு எங்கே இருக்கிறது? நம் முன்னோர் தெருக்களைக் கயிறு பிடித்தாற்போல நேராக வகுத்தார்கள். ஊருக்கு ஊர் போகும் சாலையும் சமவெளிச் சாலை. திண்டுக்கல் அருகே சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ, கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ மாதம் ஒருமுறையாவது தனியாகப் போகிறவர் என்றால், கொடுத்த கூடுதல் பணத்தில் ஒரு ரூபாயும் வீணாகாது. போக நினைப்பது மட்டுமே உங்கள் வழக்கம் என்றால் இது வேண்டாம்.

தாழ்ந்த சுழற்சியில் இந்த என்ஜின் பொறுமையற்றது. 40 கிலோமீட்டர் வேகத்தில் மாட்டு வண்டிக்குப் பின்னால் போவதை அது விரும்புவதில்லை. பின்னிருக்கை உயரமானது, குறுகலானது. அக்காள் மகனுக்கு மனம் இதில்தான் இருக்கிறது. தை மாதத்தில் நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நாட்களையும், சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் மாடுகள் சாலையில் குறுக்கே பாய்வதையும் அவருக்கு நினைவுபடுத்தினேன். அந்த நாட்களில் இந்த வட்டாரத்தில் எந்த வண்டிக்கும் 46 பி.எஸ். தேவைப்படுவதில்லை, நல்ல பிரேக் தேவைப்படுகிறது. பிரேக்கில் டியூக்தான் முதலிடம் என்பதை அவர் உடனே சுட்டிக்காட்டினார்; அது உண்மைதான், நான் ஒத்துக்கொண்டேன்.

## பூட்டிய வீட்டில் நிற்கும் வண்டி

சிங்கப்பூர் நண்பருக்கு நான் சொன்ன பதில் மற்ற இருவருக்கும் சொன்னதிலிருந்து வேறுபட்டது. இந்த மூன்றிலும் கிக்கர் கிடையாது. எரிபொருளைப் பம்ப் செய்து தெளிக்கும் அமைப்புக்கு பேட்டரி மின்சாரம் கட்டாயம் வேண்டும். எனவே இரண்டு மாதம் நின்று பேட்டரி இறங்கிவிட்டால், பழைய வண்டியைப்போலத் தள்ளிக் கிளப்பிவிடலாம் என்று நம்பியிருக்க முடியாது. பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடுவரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பாதி காலியான டேங்கோடு மழைக்காலம் முழுவதும் நின்ற வண்டியில் என்ன நடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

என் மைத்துனரின் வண்டி ஒன்று, இந்த மூன்றிலும் சேராத வேறொன்று, கீழ்வாசலில் ஏழு மாதம் உறை போர்த்தி நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது உறைக்கு உள்ளே அணில் கூடுகட்டி, வயர்களைக் கடித்து வைத்திருந்தது. பேட்டரி, வயர், டேங்க் சுத்தம் என்று அவர் செலவழித்த தொகையில் நான்கு விடுமுறைக்கு வாடகை வண்டி எடுத்திருக்கலாம்.

ஆண்டில் ஆறு வாரம் மட்டும் ஊரில் இருப்பவர் இந்த மூன்றையும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கினால், நம்பிக்கையான ஒருவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாலையில் 15 கிலோமீட்டராவது ஓட்டிவர ஏற்பாடு வேண்டும். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவது பேட்டரிக்குப் போதாது. அப்படி ஆள் கிடைக்காவிட்டால், ஊரைவிட்டுப் புறப்படும்போது டேங்கை நிரப்பி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். இத்தகைய ஏற்பாட்டுக்கு அருகிலேயே சர்வீஸ் நிலையம் இருப்பது பெரிய துணை என்பதால், அவருக்கு என் தேர்வு கெரில்லா. உள்ளூரில் வேறு நிறுவனத்தின் நிலையம் வீட்டுக்குப் பக்கம் என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

## மூன்றுமே வேண்டாத நேரம்

உங்கள் நாள் ஓட்டம் செக்காலை சாலைக்கும் நூறடி சாலைக்கும் இடையில் முடிந்துவிடுகிறது, மாதத்தில் ஒருநாள் தேவகோட்டை என்றால், 350 சிசிக்குள் நிற்பதே சரி. ராயல் என்ஃபீல்ட் ஹண்டர் 350 தருவது 20 குதிரைத்திறன்தான். ஆனால் அதன் 27 நியூட்டன் மீட்டரும் 4,000 சுழற்சியிலேயே கிடைக்கிறது, ஊருக்குள் அதற்கு மேல் கேட்க இடமில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டில் மட்டும் 7,752 ரூபாய் மிச்சம். ஜிஎஸ்டியிலும் ஆயுட்கால வரியிலும் மிஞ்சுவது அதைவிடப் பல மடங்கு. மதுரை நெடுஞ்சாலையில் 100க்கு மேல் நீண்ட நேரம் ஓட்ட நினைக்கும் நாளில் மட்டும் அது திணறும்.

அந்த வேகத்தில் நேக்கட் வண்டி எதுவுமே சுகமாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். காற்று முழுவதும் நெஞ்சில்தான் விழும். பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு எடை குறைந்த டியூக் சற்று அதிகமாகவும், கெரில்லா சற்றுக் குறைவாகவும் அசைந்துகொடுக்கும்; இரண்டிலும் கைப்பிடியை இறுக்காமல், வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும்.

## ஓட்டிப் பார்க்கும் நாள்

ஷோரூமில் காலை பத்து மணிக்கு, தனியாக, பத்து நிமிடம் ஓட்டிப்பார்த்து முடிவெடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். நெரிசலில் ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும்போது கால்களில் எவ்வளவு வெப்பம் அடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பின்னால் வழக்கமாக உட்காரப் போகிறவரை, அவர் வழக்கமாக அணியும் உடையில், தலைக்கவசத்தோடு அழைத்துப் போங்கள். மூன்றாவது கியரில் 35 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தெரு முழுவதும் போய்ப் பாருங்கள். வேகத்தடையில் இருவரோடு ஏறி இறங்குங்கள். பிறகு இறங்கி, பின்னால் இருந்தவரை முதலில் பேசவிடுங்கள்.

என் அக்காள் மகன் சென்ற ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் தன் அம்மாவை உட்காரவைத்து டியூக்கையும் ஸ்பீடையும் ஓட்டிப் பார்த்தார். அக்காள் டியூக்கிலிருந்து இறங்கியபோது ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பீடிலிருந்து இறங்கியபோது, குன்றக்குடிக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். கெரில்லாவை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறார்கள்.